மிருகசீரிடத்து மூணுல ஒண்ணு மட்டும் மஞ்சள். "ராட்சதன்"னு போட்டிருக்கு, ஆனா ஏன் இவ்வளவு மங்கல்?

பாலிக்பூலாவ்_நைட்ஷிப்ட்:

வணக்கம். இங்கே ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இப்பதான் முதல்ல எழுதுறேன்.

பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில மெஷின் பராமரிப்பு வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும், அதனால லீவு நாள்லயும் ராத்திரி தூக்கம் பிடிக்காது. டிவி போட்டா பிள்ளைங்க முழிச்சிக்கும். பைனாகுலரைத் தூக்கிக்கிட்டு பந்தாய் ஆச்சே பக்கம் போயிடுறது. பினாங்குக்காரங்களுக்குத் தெரியும், ஜார்ஜ்டவுன் வெளிச்சத்துல பாதிக்கு மேல நடுவுல இருக்கிற மலையே மறைச்சிடும். கடல் பக்கம் இருட்டு நல்லா இருக்கும். கொசுவும் நல்லா இருக்கும்.

என் ஜென்ம நட்சத்திரம் மிருகசீரிடம். தண்ணீர்மலைக் கோயில்ல அர்ச்சனைச் சீட்டு வாங்குறப்ப பேரோட சேர்த்துச் சொல்லுவேன், அவ்வளவுதான். அது வானத்துல எங்கே இருக்குன்னு தேடினதே இல்ல. போன வாரம் தேடினேன், ஓரையன்ங்கிற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்துல இருக்காம். ஜனவரி கடைசியில ராத்திரி பத்து மணிவாக்குல ஓரையன் நம்ம தலைக்கு நேர் மேல வந்து நிக்குது. கழுத்து ஒடிஞ்சிடும்போல இருந்துச்சு, கார் பானெட்ல மல்லாந்து படுத்துட்டேன்.

ஓரையனோட ரெண்டு தோளுக்கும் நடுவுல, தலை இருக்க வேண்டிய இடத்துல, வெறுங்கண்ணுக்கு ஒரு புகைத்திட்டு மாதிரி தெரியுது. 10×50 பைனாகுலர்ல பார்த்தா அது மூணு நட்சத்திரமாப் பிரியுது, சுத்திலும் பொடிப்பொடியா இன்னும் சிலது. மூணுல பெரிசா தெரியறது நீலம் கலந்த வெள்ளை. இன்னொண்ணும் அதே நிறம், கொஞ்சம் மங்கல். மூணாவது மட்டும் மஞ்சள். ரொம்ப மஞ்சள் இல்ல, ஆனா பக்கத்துல இருக்கிற ரெண்டோட வச்சுப் பார்த்தா நல்லாவே வித்தியாசம் தெரியுது.

போன்ல இருக்கிற செயலியில அதைத் தொட்டேன். "ஃபை-2 ஓரையனிஸ், பொலிவெண் 4.09, வகை கே0 III, ராட்சத விண்மீன்"னு வந்துச்சு. (பொலிவெண் கூடக்கூட மங்கல்னு அர்த்தம்.) இங்கதான் குழப்பம். ராட்சதன்னா பளிச்சுன்னுல்ல இருக்கணும்? இது பினாங்கு டவுன்ல நின்னா கண்ணுக்கே தெரியாது. மூணும் ஒரே கூட்டமா? மஞ்சளா இருக்கிறது வயசான அடையாளமா? தெரிஞ்சவங்க விளக்குங்க.

செபராங்_சுதா:

வாங்க அண்ணே. நல்ல இடத்துலதான் கண்ணு வச்சிருக்கீங்க.

மூணும் ஒரே கூட்டம் இல்ல. நீலவெள்ளை ரெண்டும் ஒரு கூட்டம். பெரிசா தெரியறது லாம்டா, மெய்ஸான்னும் சொல்லுவாங்க. மங்கலானது ஃபை-1. ரெண்டும் ஆயிரம் ஒளியாண்டு தூரத்துல, ஒரே இளம் நட்சத்திரக் கூட்டத்தைச் சேர்ந்தது. நீங்க பார்த்த அந்தப் பொடி நட்சத்திரங்கள்ல பலதும் அந்தக் கூட்டம்தான். உங்க மஞ்சள் ஆள் 117 ஒளியாண்டுலயே நிக்கிறார். நம்ம கண்ணுக்கு ஒரே திசையில அமைஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

நிறம் இன்னும் தெளிவா வேணும்னா பைனாகுலர் ஃபோகஸை லேசா கலைச்சு விடுங்க. புள்ளி சின்ன வட்டமா விரியும், அப்ப நிறம் பிடிபடும். கூர்மையான புள்ளியில எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும்.

அந்தப் புகைத்திட்டு விஷயம்: கலிலியோவும் இதே இடத்தைத்தான் பார்த்தார். 1610-ல வெளியிட்ட நூல்ல ஓரையன் தலையில 21 நட்சத்திரம் எண்ணி வரைஞ்சிருக்கார். அதுவரைக்கும் அதை மேகம்னுதான் எழுதி வச்சிருந்தாங்க.

மிச்சத்துக்கு சிக்னல் ஐயா வருவார். நீளமா எழுதுவார், கோப்பி கலக்கி வச்சுக்குங்க.

பிரிக்பீல்ட்ஸ்_சிக்னல்:

சுதா வரவேற்பே கொடுத்துவிட்டார், வராமல் இருக்க முடியுமா.

தம்பி, முதலில் அந்தப் பட்டத்தைப் பார்ப்போம். ராட்சதன் என்பது நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துக் கொடுத்த பட்டம் இல்லை. நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையைப் படித்துக் கொடுப்பது. கே0 என்றால் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பது. பின்னால் வரும் ரோமன் மூன்று, நட்சத்திரம் எவ்வளவு ஊதியிருக்கிறது என்பது. மார்கன், கீனன், கெல்மன் மூன்று பேரும் 1943-ல் வகுத்துக் கொடுத்த முறை இது. ஊதிப்போன நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஈர்ப்பு குறைந்துவிடும், அங்குள்ள வாயுவின் அழுத்தமும் குறைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் நிறமாலைக் கோடுகளின் அகலமும் வலுவும் மாறும். அதைப் பார்த்துத்தான் இது குள்ளனா ராட்சதனா என்று சொல்கிறார்கள். அன்டோனியா மோரி என்ற பெண்மணி 1897-லேயே சில நட்சத்திரங்களின் கோடுகள் வழக்கத்துக்கு மாறாக மெல்லியதாக இருப்பதைப் பிரித்து எழுதிவைத்தார். அவர் வேலை பார்த்த ஹார்வர்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்மார்க்கில் ஹெர்ட்ஸ்ப்ரங் 1905-ல் அதை எடுத்துப் பார்த்து, அந்த மெல்லிய கோட்டுக்காரர்கள்தாம் நிஜத்தில் பேரொளி வீசுகிறவர்கள் என்று கண்டுபிடித்தார். இந்தச் செயலிகள் "ராட்சதன்" என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதில்தான் எரிச்சல்.

சரி, உங்கள் ஆள் எத்தனை பெரியவர்? நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சூரியனின் மேற்பரப்பு 5,770 கெல்வின். ஃபை-2க்குச் சுமார் 4,700. வெப்பநிலையின் நான்காம் அடுக்குப்படி ஒளி மாறும். 4,700-ஐ 5,770-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கினால் 0.44 வரும். அதாவது மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டால், சூரியனைவிடப் பாதிக்கும் குறைவான ஒளிதான். மஞ்சள் நிறத்துக்குக் காரணம் இந்தக் குறைந்த சூடு. ஆனால் ஆரம் சூரியனைப்போல் 8 மடங்குக்குக் கொஞ்சம் மேல். பரப்பு என்று பார்த்தால் 70 மடங்கு. 70-ஐ 0.44-ஆல் பெருக்குங்கள். 30 சூரியனின் ஒளி.

30 சூரியன் என்பது சின்ன விஷயம் இல்லை. நம் சூரியனை அதே 117 ஒளியாண்டில் கொண்டுபோய் வைத்தால் பொலிவெண் 7.6 ஆகிவிடும். பந்தாய் ஆச்சேயில் எத்தனை இருட்டாக இருந்தாலும் வெறுங்கண்ணுக்குச் சிக்காது. அப்படிப் பார்த்தால் உங்கள் ஆள் மங்கல் இல்லை.

அவரை மங்கலாகக் காட்டுவது பக்கத்தில் இருப்பவர்கள். மெய்ஸா ஓ வகை, மேற்பரப்பு சுமார் 35,000 கெல்வின், ஒளி சூரியனைப்போல் லட்சம் மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா. எஸ்பிளனேடில் நின்று கடலைப் பார்த்தால், கிட்டே மிதக்கும் மீன்படகின் ஒற்றை விளக்கும், அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்துப் பெரிய விளக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத்தான் தெரியும். இங்கே படகு விளக்குதான் ஃபை-2. மெய்ஸாவை இழுத்துவந்து 117 ஒளியாண்டில் நிறுத்தினால் சிரியஸ் அளவுக்கு மின்னும். ஃபை-2ஐ அங்கே கொண்டுபோய் விட்டால் பொலிவெண் 9 ஆகிவிடும், உங்கள் பைனாகுலரிலேயே தடவித்தான் பார்க்க வேண்டும்.

தூரம் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள், முந்திக்கொள்கிறேன். ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை வானத்தில் இருந்து அளந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது கிட்டே உள்ள நட்சத்திரம் பின்னணிக்கு எதிராக இம்மி அசையும். ஃபை-2 அப்படி அசைவது ஓர் ஆர்க்செகண்டில் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் 28 பங்கு. அதிலிருந்து வந்ததுதான் 117. நீங்கள் பானெட்டில் படுத்துப் பார்த்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பினாங்கு மலையில் ரயிலே ஓடவில்லை.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளக்கின் நிறத்தைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வது பழகிப்போன தொழில். அந்தப் பழக்கத்தில்தான் இந்த நிறமாலைப் பைத்தியம் பிடித்தது. மில்லிமீட்டருக்கு 100 கோடு கீறிய ஒரு சின்னக் கண்ணாடி வில்லை இருக்கிறது, கேமரா லென்ஸுக்கு முன்னால் மாட்டிவிடலாம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி பால்கனி கிழக்குப் பார்த்தது. தலைக்கு மேல் வந்தால் மேல்வீட்டுக்காரர் பால்கனி மறைத்துவிடும். அதனால் டிசம்பரில், ஓரையன் எழும்பிக் கொஞ்ச நேரம் வரைதான் எனக்கு வாய்ப்பு. கேஎல் சென்ட்ரல் பக்கத்து வெளிச்சத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

ஒரே படத்தில் இரண்டு பட்டை விழும். மெய்ஸாவின் பட்டை ஊதா முனை வரை பளபளவென்று ஓடும், வெட்டு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஃபை-2இன் பட்டை ஊதா பக்கம் போகப் போகச் சோர்ந்துவிடும். பச்சையில் 517 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம், அது மக்னீசியம். மஞ்சளில் 589-இல் இன்னொன்று, சோடியம். 430 பக்கம் ஒரு அகலமான இருட்டு, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறு. ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று ஆறிக்கிடக்கிறது. அந்தப் படத்தை வீட்டில் காட்டினேன். "இதுக்காகவா கொடியில காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்துப் போட்டீங்க" என்று கேட்டார்கள்.

மூன்றாவது கேள்வி: மஞ்சள் என்றால் வயசா? இந்த ஆளுக்கு ஆமாம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்தே மஞ்சளாக, ஆரஞ்சாக இருக்கும் குள்ள நட்சத்திரங்கள் ஏராளம். இது சூரியனை ஒத்த எடையோடு பிறந்தது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்துபோயிற்று. தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடேறும், அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கும், முன்பைவிட மூர்க்கமாக. வெளிப்பகுதி அந்தச் சக்தியைத் தாங்காமல் விரியும், விரிந்தால் ஆறும். நம் சூரியனுக்கும் சுமார் 500 கோடி ஆண்டில் இதே கதிதான்.

எடை சூரியன் அளவு, பருமன் 8 மடங்கு ஆரம். அப்படியானால் சராசரி அடர்த்தி என்ன? கணக்குப் போட்டால் நாம் மூச்சு இழுக்கும் காற்றைப்போல் இரண்டு மடங்குதான் வருகிறது. மேற்பரப்பு ஈர்ப்பு பூமியில் உள்ளதில் பாதிகூட இல்லை. ராட்சதன் என்று பயந்தீர்களே, முக்கால்வாசி வெறும் காற்று. எடையெல்லாம் நடுவில் ஒரு சின்னக் கருவுக்குள் அடைந்து கிடக்கிறது.

எனக்கு இவரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. இவர் இந்த ஊர்க்காரரே இல்லை. நொடிக்கு 99 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறார். சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றின் வேகம் இதில் பாதிகூட வராது. 3,000 ஆண்டுக்கு ஓர் ஒளியாண்டு என்ற கணக்கில் தூரமாகிறார். இதுவும் நிறமாலையில்தான் தெரியும், சோடியம் கோடு இரண்டு ஆங்ஸ்ட்ராம் (0.2 நானோமீட்டர்) சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கும். என் வில்லைக்கு அத்தனை நுணுக்கம் கிடையாது, அதற்குப் பெரிய கருவி வேண்டும். கூடவே, இரும்பு சூரியனில் உள்ளதில் கால் பங்குதான் இருக்கிறது. இரும்பு குறைவு, வேகம் அதிகம் இரண்டும் சேர்ந்து வருவது தற்செயல் இல்லை என்று நான்சி ரோமன் 1950-இல் காட்டினார். பால்வீதியில் கனிமங்கள் அவ்வளவாகச் சேராத பழைய காலத்தில் பிறந்தவர்கள் வேறு பாதையில் சுற்றுகிறார்கள். நாம் அவர்களை வழியில் எதிர்ப்படுகிறோம்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சுமார் 2.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்போதிருக்கும் தூரத்தில் பாதியில் நம்மைக் கடந்து போயிருக்கிறார். அப்போது பொலிவெண் 2.5 அளவு இருந்திருக்கும், கோலாலம்பூரிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஓரையனில் இல்லை. சுமார் 60 டிகிரி வடக்கே தள்ளி.

கோப்பி ஆறியிருக்கும். போதும்.

கெடா_மருமகள்:

ஐயா, எல்லாத்தையும் படிச்சேன், பாதி புரிஞ்சது. என் மாமியாருக்கும் மிருகசீரிடம்தான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது "உங்க நட்சத்திரத்துல ஒண்ணு ஊரை விட்டுப் போயிட்டு இருக்காம்"னு வாய்விட்டுட்டேன். அவங்க முகம் மாறிப்போச்சு. இப்ப கேக்குறாங்க: நட்சத்திரமே நகர்ந்தா ஜாதகம் என்னாகும்? சந்திரன் மிருகசீரிடத்துல இருக்கிற நாள்ல அந்த மஞ்சள் நட்சத்திரத்தைத் தொடுமா? நான் என்னத்தைச் சொல்ல?

பிரிக்பீல்ட்ஸ்_சிக்னல்:

அம்மா, சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் எடுக்கலாமா!

மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது. பஞ்சாங்கத்தில் மிருகசீரிடம் என்பது சந்திரன் போகும் பாதையை 27-ஆல் வகுத்ததில் ஒரு பங்கு. 13 டிகிரி 20 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை). பாதி ரிஷபத்தில், பாதி மிதுனத்தில். வானத்து மூன்று புள்ளிகள் அந்தப் பங்குக்கு அடையாளம். புள்ளி நகர்ந்தாலும் பங்கு பங்காகவே இருக்கும். பலன் பலிக்குமா என்பது வேறு வழக்கு, அதை நான் எடுக்கவில்லை.

இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. சந்திரன் தொடாது, எந்தக் காலத்திலும் தொடாது. இந்த மூன்றும் சூரியன் போகும் பாதைக்கு 13, 14 டிகிரி தெற்கே இருக்கின்றன. சந்திரன் அந்தப் பாதையிலிருந்து ஐந்து டிகிரிக்குச் சற்று மேல் விலகும், அவ்வளவுதான். ஆக "இன்று மிருகசீரிடம்" என்று காலண்டரில் போட்டிருக்கும் நாளில் நீங்கள் நிமிர்ந்து பார்த்தால், சந்திரன் அந்த முக்கோணத்துக்கு எட்டு டிகிரியாவது வடக்கே நிற்கும். கார்த்திகை அப்படி இல்லை, சந்திரன் அதன்மேலேயே ஏறிப்போகும். ரோகிணியையும் மறைக்கும்.

நகர்வைப் பற்றி ஒரு கணக்கு கொடுக்கிறேன், மாமியாருக்குச் சொல்ல வேண்டாம். ஃபை-2 வானத்தில் ஆண்டுக்கு 0.32 ஆர்க்செகண்ட் தெற்கு நோக்கி நகர்கிறது. முழுநிலா அகலம் நகர 5,600 ஆண்டு ஆகும். மற்ற இரண்டும் நகர்வதாகவே சொல்ல முடியாது, அத்தனை தூரம். 2,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மஞ்சள் புள்ளி நிலாவின் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு மெய்ஸாவை நெருங்கி இருந்தது. இப்போது மெய்ஸாவுக்கும் அதற்கும் 46 கலை இடைவெளி, அப்போது 37. ஆக, சங்க காலத்தில் இந்த மூன்றையும் மான் தலை என்று பார்த்தவர்களுக்குத் தலை இன்னும் கொஞ்சம் கச்சிதமாகத் தெரிந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டிருக்குமா? கூர்ந்து பார்க்கிறவருக்குப் பிடிபட்டிருக்கும் என்பது என் கட்சி. பார்வை நன்றாக இருந்தால் 9 கலை என்பது கணிசம்.

பாலிக்பூலாவ்_நைட்ஷிப்ட்:

ஐயா, சுதா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தாள்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன், 30 வந்துச்சு. இரவு வேலையில என்கூட இருக்கிற நேபாளக்காரத் தம்பிக்கும் சொல்லிக் காட்டினேன், அவன் போன் கால்குலேட்டர்ல திரும்பப் போட்டு 30.8னு சண்டைக்கு வந்தான்.

ஃபோகஸ் கலைக்கிறது அருமையான வித்தை. வெள்ளிக்கிழமை மேகம் விலகினப்ப பார்த்தேன். மெய்ஸா வட்டம் ஐஸ்கட்டி நீலத்துல, ஃபை-2 வட்டம் நல்ல மஞ்சள்ல, ரெண்டும் ஒரே பார்வைக்குள்ள. அதுக்கப்புறம் கீழே இறங்கி திருவாதிரையைப் பார்த்தேன். அதோட சிவப்புக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. அதுவும் ராட்சதன், இதுவும் ராட்சதன்னா எப்படி?

இன்னொரு சந்தேகம். ஐயா சொன்னபடி இப்ப நடுக்கருவைச் சுத்தி ஹைட்ரஜன் எரியுது. நான் படிச்ச இன்னொரு இடத்துல ராட்சதன்கள் ஹீலியம் எரிக்கும்னு இருக்கு. எது சரி?

குளுகோர்_இயற்பியல்:

வணக்கம் அண்ணா, நான் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துல இயற்பியல் மூணாம் வருஷம். இதுல கொஞ்சம் படிச்சிருக்கேன், முயற்சி பண்றேன்.

திருவாதிரை ராட்சதன் இல்ல, அதுக்கும் மேல, மீராட்சதன். வகையில ரோமன் மூணு இல்ல, ஒண்ணு. அதோட ஆரம் சூரியனைப்போல எழுநூறு மடங்குக்குப் பக்கம், எடையும் பத்து மடங்குக்கு மேல. சூரியன் இடத்துல வச்சா செவ்வாய் பாதையையும் தாண்டும். ஃபை-2ஐ வச்சா புதன் பாதையில சுமார் பத்துல ஒரு பங்குதான் வரும். ரெண்டுக்கும் ஒரே பேர் சொல்றது சரியில்லதான்.

ஹீலியம் கேள்வி உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. ரெண்டும் சரி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. சூரியன் எடை உள்ள நட்சத்திரம் முதல்ல ஹைட்ரஜன் ஓட்டை எரிச்சு ஏறும். ஏற ஏறப் பெருக்கும், நூத்துக்கணக்கான மடங்கு ஆரம் வரைக்கும் போகும். உச்சியில நடுக்கரு பத்து கோடி கெல்வினைத் தொட்டதும் ஹீலியம் சட்டுனு பத்திக்கும். அந்த வேகம் வெளியில தெரியாது, உள்ளேயே அடங்கிடும். அப்புறம் நட்சத்திரம் சுருங்கி, சில பத்து சூரியன் ஒளியோட அமைதியா ஹீலியத்தை எரிச்சுக்கிட்டு உட்காரும். வேடிக்கை என்னன்னா, மேல ஏறிக்கிட்டு இருக்கிறவரும், போய்ட்டுத் திரும்பி வந்தவரும் வெளியில பார்க்க ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே ஒளியில இருக்கலாம். நிறத்தையும் ஒளியையும் வச்சுப் பிரிக்க முடியாத இடம் அது.

அதைப் பிரிக்கிற வழி 2011-ல வந்துச்சு. டிம் பெடிங் குழு கெப்ளர் தொலைநோக்கி எடுத்த தரவை வச்சு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. ராட்சத நட்சத்திரம் ஓயாம அதிரும், அதனால ஒளி ரொம்ப லேசா கூடிக் குறையும். சில அதிர்வுகள் நடுக்கரு வரைக்கும் போய் வரும். அந்த அதிர்வுகளோட காலத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை அளந்தா, ஹைட்ரஜன் ஓடு எரிக்கிறவங்களுக்கு 50 வினாடி பக்கம் வருது, ஹீலியம் எரிக்கிறவங்களுக்கு 100-ல இருந்து 300 வினாடி. ரெண்டு கூட்டமும் தனித்தனியா பிரிஞ்சு நின்னுச்சு. உள்ளே என்ன எரியுதுன்னு வெளியில இருந்து கண்டுபிடிச்சுட்டாங்க! லெக்சர்ல இதைக் கேட்ட அன்னைக்குத்தான் நான் இந்தப் பாடத்துல நிலைச்சேன்.

அதனால உங்க கேள்விக்கு: ஃபை-2 மாதிரி 30 சூரியன் ஒளியில நிக்கிற ஒருத்தரைக் கண்ணால பார்த்துட்டு "இவர் ஏறுறார்"னோ "இறங்கி வந்துட்டார்"னோ சொல்லக்கூடாது. ஐயா கோவிச்சுக்காதீங்க.

பிரிக்பீல்ட்ஸ்_சிக்னல்:

கோபம் எதற்கு, மகளே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஹைட்ரஜன் ஓடு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஹீலியம் எரிகிறவரிடமும் அது அணைவதில்லை.

ஈப்போ_ராகு:

எல்லாம் சரி, வெடிக்குமா வெடிக்காதா? அதைச் சொல்லுங்க முதல்ல.

செபராங்_சுதா:

வெடிக்காது ராகு அண்ணே. எடை பத்தாது. வெளித்தோலை மெதுவா ஊதித் தள்ளிட்டு, பூமி அளவு வெண்குள்ளனா முடியும். வெடிக்கணும்னா பிறக்கும்போதே சூரியனைப்போல எட்டு மடங்கு எடை வேணும். உங்க ஆசைக்கு அதே முக்கோணத்துல மெய்ஸா இருக்கு, கொஞ்சம் கீழே திருவாதிரை இருக்கு.

நைட்ஷிப்ட் அண்ணே, இதைப் பார்க்கணும்னா ஏப்ரல் வரைக்கும் நல்ல காலம். மே மாசம் பொழுது சாஞ்சதும் மேற்கே தாழ்ந்துடும், உங்க பந்தாய் ஆச்சே மேற்குக் கடல்ங்கிறதால கடைசி வரைக்கும் உங்களுக்குக் கிடைக்கும், எங்க கரையில மலை மறைச்சிடும். ஜூன் நடுவுல சூரியன் அந்தப் பக்கமா போகுது, தெரியவே தெரியாது. ஜூலை கடைசியில விடியக்காலை கிழக்கே திரும்ப வரும். புகைமூட்டம் வந்தா அதுவும் போச்சு.

அடுத்ததா எதைப் பார்க்கலாம்னு கேப்பீங்க. நம்ம நாட்டுப் பேர் வச்ச நட்சத்திரம் ஒண்ணு இருக்கு, "இந்தான்". 2019-ல மலேசியா பேர் வச்சது, அதைச் சுத்துற கிரகத்துக்கு "பைடூரி". ஆனா பொலிவெண் 10 பக்கம், 10×50-ல எதிர்பார்க்காதீங்க, தொலைநோக்கி வேணும்.

பாலிக்பூலாவ்_நைட்ஷிப்ட்:

தொலைநோக்கி கேட்டா வீட்டுல என்னையே வெடிக்க வச்சிடுவாங்க. இப்போதைக்கு பைனாகுலர் போதும்.

அடுத்த அமாவாசையை ஒட்டி வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு. பந்தாய் ஆச்சே போறேன், மழை இல்லன்னா ஒன்பது மணியில இருந்து அங்கதான் இருப்பேன். தீவுல இருக்கிறவங்க யாராச்சும் வர்றதா இருந்தா இங்கேயே எழுதுங்க. பாயும் கொசு மருந்தும் கொண்டு வாங்க, என் கார் பானெட்ல ஒருத்தருக்குத்தான் இடம். குளுகோர் தங்கச்சி, உங்க கூட்டாளிகளையும் கூட்டிட்டு வாங்க, அந்த அதிர்வு விஷயத்தை இன்னொரு தடவை மெதுவா கேக்கணும்.

பிரிக்பீல்ட்ஸ்_சிக்னல்:

முட்டி சரியானால் ரயிலேறி வருகிறேன். பட்டர்வொர்த்தில் இறங்கினால் பெர்ரி படித்துறையில் யாராவது வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். வில்லையும் கேமராவும் கொண்டுவருகிறேன்.

செபராங்_சுதா:

நான் ஏத்திக்கிட்டு வர்றேன் ஐயா. எத்தனை மணி ரயில்னு மட்டும் சொல்லுங்க.